முன்பு அமைதியாக இருந்ததா? – களக்காடு, நாங்குநேரி வட்டாரத்தில் வன்முறைக் குற்றங்களின் வரலாறு

"அந்தக் காலத்தில் ஊர் எவ்வளவு அமைதியாக இருந்தது! வெட்டும் குத்தும் இப்போதுதான் பெருகிவிட்டன" என்னும் பேச்சைத் தேநீர்க் கடையிலும் கேட்கிறோம், ஆசிரியர் அறையிலும் கேட்கிறோம். சிலர் இன்னும் ஒரு படி மேலே சென்று, "உங்கள் பிள்ளைகள் படிக்கத் தொடங்கிய பின்புதான் இந்த மோதலெல்லாம்" என்று நம் முகத்துக்கு நேரே கூறவும் தயங்குவதில்லை. கூறுவோர் எல்லாரும் தீயவர் அல்லர். உண்மையென்று நம்பியே கூறுகின்றனர். கல்விப் பணியில் 25 ஆண்டுகளை நிறைவு செய்யும் நம் கழகத்தின் வெள்ளிவிழா மலரில் இக்கூற்றை வரலாற்றின் துணைகொண்டு ஆராய்வது பொருத்தமாகும் எனக் கருதி இக்கட்டுரையை வரைகிறோம்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், பச்சையாற்று நீரால் நெல்லும் வாழையும் விளையும் ஊர் நம் களக்காடு. இங்கு அமைதி நிலவிய காலம் எது என்று தேடினால் எளிதில் கிட்டுவதில்லை. 18-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் களக்காட்டுக் கோட்டைக்காகத் திருவிதாங்கூர்ப் படையும் ஆர்க்காட்டு நவாபின் படையும் மாறி மாறிப் போரிட்டன. பாளையக்காரர்கள் தேசகாவல் என்றும் தலக்காவல் என்றும் குடிகளிடம் வரி தண்டினர். 1799-ஆம் ஆண்டு அக்டோபர் 16-ஆம் நாள் கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். 1801-இல் பாளையக்காரர் போர் முடிவுற்றது. கும்பெனியார் பாளையங்களின் காவல் உரிமையைப் பறித்துத் தம் வசமாக்கிக்கொண்டனர். காவல் அரசின் கைக்கு மாறிவிட்டதென ஏடுகள் கூறின. ஆனால் ஊரில் அது மாறவில்லை.

காவல் முறையைச் சற்று விரித்துரைக்க வேண்டும். ஊரின் பயிரையும் மாட்டையும் வீட்டையும் காப்பதற்கென ஒரு குடும்பத்தார் அல்லது ஒரு கூட்டத்தார் பொறுப்பேற்பர். அதற்கு ஊரார் தானியமாகவோ பணமாகவோ கூலி கொடுப்பர். களவு போனால் காவற்காரர் பொருளை மீட்டுத் தரவேண்டும். தவறினால் ஈடு செலுத்தவேண்டும். இதுவரை கேட்பதற்கு நன்றாகவே இருக்கிறது. ஆனால் காவல் வேண்டாம் என்று சொல்லும் உரிமை குடியானவனுக்கு இருந்ததா என்பதே கேள்வி. காவல் வைக்காத ஊரில் மாடு காணாமற்போகும், வைக்கோற்படப்பு எரியும். காணாமற்போன மாட்டைப் பற்றித் துப்புச் சொல்வதற்குத் 'துப்புக்கூலி' என ஒரு தொகை உண்டு. கூலி கைமாறியதும் மாடு எங்கேனும் ஓர் ஓடைக்கரையில் கட்டப்பட்டுக் கிடக்கும். காவற்காரரும் கள்வரும் ஒருவரையொருவர் அறிந்தவர்களாகவோ, சில வேளைகளில் ஒருவராகவோ இருந்தனர். வெள்ளையர் ஆட்சியின் மாவட்டக் குறிப்புகள் இம்முறையைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் புலம்புகின்றன. நாங்குநேரி வட்டாரம் அதில் அடிக்கடி இடம்பெறும் பெயர்.

இந்தக் காவலில் நம் மக்கள் எங்கிருந்தனர்? காக்கத்தக்க பொருள் நம் குடிசையில் ஏது? காவற்கூலி கொடுப்போர் நிலமுடையோர், பெறுவோர் ஆயுதமுடையோர். இரண்டும் இல்லாத நாம், களவு போன அன்று சந்தேகிக்கப்படுவதற்கு மட்டுமே அக்கணக்கில் தோன்றினோம்.

ஆங்கிலேயர் சட்டம் நமக்கு என்ன செய்தது என்று நோக்கினால், 1816-ஆம் ஆண்டின் 11-ஆம் ஒழுங்குவிதி நினைவுக்கு வருகிறது. கிராமத் தலைவருக்குச் சிறு குற்றங்களை விசாரித்துத் தண்டிக்கும் அதிகாரத்தை இவ்விதி வழங்கியது. வசைபாடுதல், சிறு அடிதடி போன்ற குற்றங்களுக்கு ஒருவனைச் சாவடியில் 12 மணி நேரம்வரை அடைத்து வைக்கலாம். குற்றவாளி தாழ்ந்த சாதியினனாக இருந்தால், அத்தகைய இழிவான தண்டனை அவனுக்குத் தகாதது அன்று என்னும் காரணம் கூறி, அவனைத் தொழுமரத்தில் ஆறு மணி நேரம்வரை மாட்டி வைக்கலாம். கால்களை இரு கட்டைகளின் துளைகளுக்குள் பூட்டி, வெயிலில் ஊர் பார்க்க உட்கார வைப்பதே தொழுமரத் தண்டனை. ஒரே குற்றத்துக்கு ஒருவனுக்குத் திண்ணை, மற்றொருவனுக்குத் தொழுமரம்! மனு நூல் மட்டுமே சாதி பார்த்துத் தண்டித்தது என எண்ணுவோர் இவ்விதியையும் படித்துப் பார்க்கவேண்டும்.

1843-ஆம் ஆண்டின் 5-ஆம் சட்டம் அடிமைமுறைக்குச் சட்டத்தின் ஆதரவை விலக்கியது. 1862-இல் நடைமுறைக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டம் மனிதரை அடிமையாக வாங்குவதையும் விற்பதையும் குற்றமாக்கியது. தாளில் நாம் விடுதலை பெற்றோம். பண்ணையில் அடி விழுவது நிற்கவில்லை. அந்த அடியைக் குற்றம் என்று எவரும் எழுதவில்லை.

நாம் கூற வந்ததன் நடுப்புள்ளி இதுவே. குற்றத்தின் கணக்கு என்பது எழுதப்பட்டவற்றின் கணக்கு. எழுதியவர் யார்? கிராம முன்சீபு. அப்பதவி வழிவழியாக நிலமுடைய குடும்பங்களில் இருந்து வந்தது. 1980-ஆம் ஆண்டு நவம்பரில்தான் தமிழக அரசு பரம்பரைக் கிராம அலுவலர் பதவிகளை ஒழித்தது. ஒரு பண்ணையாரின் மாடு களவு போனால் முன்சீபு அறிக்கை எழுதுவார். அதே பண்ணையார் தம் பண்ணையாளை மரத்தில் கட்டி அடித்தால் யார் அறிக்கை எழுதுவது? அவருடைய மைத்துனரா?

எம் பாட்டனாரின் இடது முன்கையில் ஒரு விரற்கடை அகலத் தழும்பு இருந்தது. சிறுவயதில் அதைத் தடவிப் பார்த்து, "என்ன தாத்தா இது?" என்று கேட்டால், "மாடு முட்டுனதுப்பா" என்பார். அவர் இறந்த பின்னரே பாட்டியார் வாய்வழியாக உண்மை தெரிந்தது. மடை திறப்பதில் நேர்ந்த ஒரு சொல்லுக்கு எதிர்ச்சொல் சொன்னதற்காக விழுந்த வெட்டு அது. சாவடியில் விசாரணையும் நடந்ததாம். அபராதம் கட்டியவர் பாட்டனார்! எந்தக் காவல் நிலையப் பதிவேட்டிலும் அந்த வெட்டு இல்லை. அந்த ஆண்டின் குற்றப் புள்ளியில் நம் ஊர் 'அமைதியான ஊர்' என்றே இடம்பெற்றிருக்கும். இத்தகைய தழும்பில்லாத வீடு நம் தெருவில் எத்தனை உண்டு என்று எண்ணிப் பார்த்தால் அந்தக்கால அமைதியின் இலக்கணம் விளங்கும்.

இனி மறுபக்கத்தையும் கூறுவதே நேர்மை. காவல் முறையை அடக்க இயலாத அரசு, மனிதரைப் பிறப்பால் குற்றவாளியாக்கும் வழியை மேற்கொண்டது. 1871-இல் வட இந்தியாவில் தொடங்கிய குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வாயிலாகச் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. நம் மக்கள் அதனைக் 'கைரேகைச் சட்டம்' என்பர். ஆண்கள் இரவில் காவல் நிலையத்தில் வந்து படுக்கவேண்டும்; ஊர் விட்டு ஊர் செல்லச் சீட்டு வேண்டும். கள்ளர், மறவர் முதலிய சமூகங்களில் பல பிரிவினர் இதனுள் அடைக்கப்பட்டனர். மதுரை மாவட்டம் பெருங்காமநல்லூரில் 1920-ஆம் ஆண்டு ஏப்ரல் 3-ஆம் நாள் ரேகை வைக்க மறுத்தோர் மீது காவலர் சுட்டதில் 16 பேர் மாண்டனர். சென்னை மாகாணத்தில் 1947-இல் இச்சட்டம் நீக்கப்பட்டது. நாடு முழுவதும் 1952-இல் ஒழிந்தது.

இதனை நம் மலரில் ஏன் எழுதவேண்டும் என்று நம்மவர் சிலர் வினவலாம். நம்மை வெட்டியோரில் அச்சமூகங்களைச் சேர்ந்தோரும் உண்டல்லவா என்பர். உண்டு. ஆயினும், ஒரு குழந்தை கள்வனாகப் பிறக்கிறது என்னும் பொய்யும், ஒரு குழந்தை தீட்டுடன் பிறக்கிறது என்னும் பொய்யும் ஒரே உலையில் வடித்தவை. ஒன்றை ஏற்றுக்கொண்டு மற்றொன்றை மறுக்க நமக்கு வாய் இல்லை.

நம் வட்டாரத்துக் கொள்ளையர் என்றால் முதியோர் இன்றும் கூறும் பெயர் ஜம்புலிங்கம். டோனாவூரில் தொண்டாற்றிய ஏமி கார்மைக்கேல் அம்மையார் அவரைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூலே எழுதினார். 1923-இல் காவலரால் சுட்டுக் கொல்லப்பட்ட அவர், செல்வரிடம் பறித்து ஏழையருக்குக் கொடுத்தார் என்பது மக்கள் வழக்கு. மெய்யோ, மிகையோ, அக்காலத்து வன்முறை பெரும்பாலும் பொருள் நோக்கியது என்பதற்கு அவர் கதையும் ஒரு சான்று. மாடு, தானியம், நகை, காவற்கூலி ஆகியவையே அரிவாளுக்குக் காரணம். மனிதனை மனிதனாக நிற்கவிடாமல் வெட்டும் வன்முறை தனியானது. அதற்கு வேறு வரலாறு உண்டு.

அவ்வரலாற்றில் 1899-ஆம் ஆண்டை மறத்தல் ஆகாது. அப்போது திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்திருந்த சிவகாசியில், நாடார்கள் கோயில் நுழைவு உரிமை கேட்டதை ஒட்டிப் பகை மூண்டது. ஜூன் 6-ஆம் நாள் ஊர் தாக்கப்பட்டது. சுற்றிலும் பல சிற்றூர்கள் எரிந்தன. அன்றும் என்ன கூறினர் தெரியுமா? "வணிகத்தில் பணம் சேர்ந்தது, மிஷன் பள்ளியில் படிப்பு வந்தது, அதனால் வந்த வினை" என்றனர். இன்று நம்மைப் பார்த்துக் கூறப்படும் அதே சொல், நூறாண்டுக்கு முன்பு வேறொரு சமூகத்தைப் பார்த்துக் கூறப்பட்டது. கோயில் வாயிலில் நின்றவன் மீது கல் விழுந்தால், கல் எறிந்தவனை விட்டுவிட்டு நின்றவனைக் காரணம் கூறும் வழக்கம் புதியதன்று.

நம்மீது நிகழும் வன்முறையைக் குற்றம் என்று பெயரிட்டு எழுதச் சட்டம் தயங்கித் தயங்கியே வந்தது. எம்.சி. ராஜா அவர்களின் முயற்சியால் 1938-இல் சென்னை மாகாணத்தில் சமூக இயலாமைகளை நீக்கும் சட்டம் பிறந்தது. 1947-இல் கோயில் நுழைவுச் சட்டம். 1955-இல் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம்; அது 1976-இல் வலுப்படுத்தப்பட்டுக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்னும் பெயர் பெற்றது. இவையெல்லாம் குவளை, கிணறு, கோயில் வாயில் பற்றியவை. வெட்டு, தீவைப்பு, மானபங்கம் ஆகியவற்றுக்கெனத் தனிச் சட்டம் வருவதற்கு 1989 ஆயிற்று. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1990 ஜனவரி 30-இல் நடைமுறைக்கு வந்தது. 2015-இல் நிறைவேறிய திருத்தம் 2016 ஜனவரி 26 முதல் அதனை மேலும் விரிவாக்கியது. 1990-க்குப் பின் வன்கொடுமை வழக்குகள் 'பெருகின' என்று புள்ளிவிவரத்தைக் காட்டுவோர், அதற்கு முன் அப்பெயரில் எழுதுவதற்கு ஏடே இல்லை என்பதைக் கூறுவதில்லை. அளவுகோல் செய்வதற்கு முன்பு நிலத்துக்கு நீளமே இல்லை என்பது போன்றது இவ்வாதம். இன்றும் எழுதப்படுவது முழுமையன்று. புகார் கொடுக்கச் சென்றால் எதிர்ப்புகார் காத்திருக்கும். இரண்டையும் சமரசத்தில் முடித்துக்கொள்ளும்படி அறிவுரையும் காத்திருக்கும்.

பெருநிகழ்ச்சிகளை இங்கு விரிக்கவில்லை. மலர் படிப்போர் அறிந்தவையே. 1957 செப்டம்பர் 11-இல் பரமக்குடியில் தியாகி இமானுவேல் சேகரன் கொலை; அதையொட்டி முதுகுளத்தூர்க் கலவரம். 1968 டிசம்பர் 25-இல் கீழ்வெண்மணியில் 44 உயிர்கள் ஒரு குடிசைக்குள் எரிந்தன. கேட்டது நெற்கூலி உயர்வு. 1995-இல் நம் தென்மாவட்டங்களில் மோதல் மூண்டபோது, ஆகஸ்டு 31-ஆம் நாள் கொடியன்குளத்துக்குள் காவல்துறையினரே பெரும் எண்ணிக்கையில் புகுந்து வீடுகளைச் சூறையாடினர். அப்போது நாம் ஆசிரியப் பணிக்குப் புதியவர். பேருந்து ஓடாத நாட்களில் மிதிவண்டியில் பள்ளிக்குச் சென்று, பத்துப் பதினைந்து பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தித் திரும்பிய நினைவு உண்டு. கொடியன்குளத்தில் கண்டெடுக்கப்பட்டவற்றுள் எரிந்த கல்விச் சான்றிதழ்களும் இருந்தன என்ற செய்தியைப் படித்த அன்று, நம் சான்றிதழ்களை எடுத்து ஒரு தகரப் பெட்டியில் பூட்டி வைத்தோம்.

1999 ஜூலை 23-ஆம் நாள் தாமிரவருணியில் நிகழ்ந்தது அதனினும் கொடிது. மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் கூலி உயர்வுக் கோரிக்கைக்காகவும், சிறைப்பட்ட தொழிலாளரின் விடுதலைக்காகவும் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் நோக்கிச் சென்ற ஊர்வலத்தின் மீது தடியடி நடந்தது. ஆற்றுக்குள் விரட்டப்பட்டு 17 பேர் மாண்டனர். அவர்களுள் இரு பெண்களும் ஒரு கைக்குழந்தையும் அடங்குவர். கலெக்டரிடம் மனுக் கொடுக்கச் செல்வதைவிட அமைதியான வழி வேறு எது உண்டு என்று அன்று நம் மக்கள் கேட்ட கேள்விக்கு விசாரணை ஆணையத்தின் அறிக்கையில் விடை கிடைக்கவில்லை.

சாதி ஒன்றே எல்லாவற்றுக்கும் காரணம் என்று கூறுவதும் முழு உண்மையாகாது. நம் மாவட்டத்தின் கடற்கரையை நோக்குவோம். இராதாபுரம் பகுதி மீனவ ஊர்கள் பலவற்றில் மக்கள் ஒரே சமூகம், ஒரே சமயம். ஆயினும் வலை, கடல் எல்லை, ஊர்க் கமிட்டி ஆகியவற்றை ஒட்டிய பூசலில் நாட்டு வெடிகுண்டு வீசும் வழக்கம் அங்கே வேரூன்றியது. 2013 நவம்பர் 26-ஆம் நாள் இடிந்தகரை அருகே சுனாமிக் குடியிருப்பில் நாட்டு வெடிகுண்டுகள் வெடித்து 6 பேர் இறந்தனர். வயற்காட்டில் அரிவாள், கடற்கரையில் வெடி. வழக்கு நீதிமன்றத்தில் முடியும் என்ற நம்பிக்கை இல்லாத இடத்தில், கையில் கிடைப்பதைக் கொண்டு அவனவனே தீர்ப்பெழுதிக்கொள்கிறான்.

களக்காட்டுப் பக்கத்தில் அரிவாள் எந்த வீட்டில் இல்லை? வாழைத்தார் வெட்டவும், தென்னை மட்டை சீவவும், வேலி கழிக்கவும் அதுவே கருவி. பகை கொண்டவன் முதலில் எதிரியின் தோப்பில் குலைதள்ளிய வாழைகளை ஓர் இரவில் வெட்டிச் சாய்ப்பான். அது ஓராண்டு உழைப்பு. சாய்ந்த வாழையிலிருந்து சாய்ந்த மனிதனுக்குச் செல்ல நெடுந்தூரம் இல்லை. பின்பு பழிக்குப் பழி. 2021 செப்டம்பரில் கோபாலசமுத்திரம் வட்டாரத்தில் மூன்று நாட்களுக்குள் இரு கொலைகள். இரண்டிலும் தலை துண்டிக்கப்பட்டது. 2024 டிசம்பர் 20-ஆம் நாள் திருநெல்வேலி நீதிமன்ற வாயிலிலேயே ஓர் இளைஞர் வெட்டிக் கொல்லப்பட்டார். பழைய வன்முறை இருட்டைத் தேடியது. இது பகலையும் பார்வையாளரையும் தேடுகிறது. பழைய காவற்காரர் நடுவயதினர். இன்று கைதாவோரில் பலர் மீசை அரும்பாதவர். மாறியிருப்பது எண்ணிக்கையைக் காட்டிலும் வயதுதான் என்பது நம் கருத்து. ஆசிரியராகிய நம்மை உறங்கவிடாததும் அதுவே.

2023 ஆகஸ்டு 9-ஆம் நாள் இரவு நாங்குநேரியில், பன்னிரண்டாம் வகுப்பு பயிலும் நம் சமூக மாணவன் ஒருவனை அவனுடைய பள்ளி மாணவர்களே வீடு புகுந்து வெட்டினர். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. அதிர்ச்சியில் உறவினர் ஒருவர் உயிர் துறந்தார். தன்னைத் துன்புறுத்தியோர் பற்றிப் பள்ளியில் முறையிட்டதே அம்மாணவன் செய்த குற்றம். நன்றாகப் படிப்பவன் என்பது அதற்கும் முந்தைய குற்றம். அவ்வாண்டே அரசு நீதிபதி கே. சந்துரு அவர்களைக் கொண்ட ஒரு நபர் குழுவை அமைத்தது; 2024 ஜூன் 18-இல் அறிக்கை அளிக்கப்பட்டது. மாணவர் கைகளில் வண்ணக் கயிறு கட்டுதல் தடுக்கப்படவேண்டும். பள்ளிப் பெயர்களில் சாதியடையாளம் நீங்கவேண்டும். ஒரு பகுதியில் பெரும்பான்மையாக வாழும் சாதியைச் சேர்ந்தவர் அப்பகுதியில் தலைமையாசிரியராக இருத்தல் ஆகாது என்பன அதன் பரிந்துரைகளுள் சில. கடைசிப் பரிந்துரையை நம் சக தலைமையாசிரியர் பலர் விரும்பவில்லை. நாம் விரும்புகிறோம். அது நம்மையே இடமாற்றம் செய்யக்கூடியது என்று அறிந்தே விரும்புகிறோம்.

ஏனெனில் நம் கையாலும் ஒரு பிழை நேர்ந்தது. சில ஆண்டுகளுக்கு முன்பு பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவனின் பையில், புத்தகங்களுக்கிடையே செய்தித்தாளில் சுற்றிய அரிவாள் இருந்தது. அவன் நம் தெருப் பிள்ளை. "எதுக்குடா இது?" என்றோம். "அவனுவ வச்சிருக்கானுவ சார். நான் வச்சிருக்கக் கூடாதா?" என்றான். நாம் அரிவாளை வாங்கி வைத்துக்கொண்டு, அவன் தந்தையாரை மட்டும் அழைத்துப் பேசி அனுப்பிவிட்டோம். 'அவனுவ' யார், பெயர் என்ன, அவர்கள் பையில் என்ன இருக்கிறது என்று நாம் கேட்கவில்லை, எழுதவும் இல்லை. நம் பிள்ளையின் பெயர் ஏட்டில் ஏறிவிடக்கூடாது என்னும் பாசமே காரணம். மூன்று மாதங்களுக்குப் பின் அவன் பேருந்து நிறுத்தத்தில் தலையில் வெட்டுப்பட்டான். உயிர் பிழைத்தான், தேர்வு எழுதவில்லை. கிராம முன்சீபு எழுதாமல் விட்டதை இத்தனை பக்கம் குறைகூறிய நாம், நம் முறை வந்தபோது அதையே செய்தோம். அதன்பின் நம் பள்ளியில் ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறோம். வசை, கயிறு, மிரட்டல், எதுவாயினும், எவர் பிள்ளையாயினும், தேதியிட்டு எழுதி இரு பக்கத்துப் பெற்றோரையும் ஒரே அறையில் அமர்த்திப் படித்துக் காட்டுகிறோம். முதலாண்டில் வசைமாரிதான் கிட்டியது. இப்போது சிலர் தாமே வந்து எழுதச் சொல்கின்றனர். மூன்றாம் ஆண்டில் குறிப்பேட்டின் பக்கங்கள் கூடியதைக் கண்டு மேலதிகாரி ஒருவர், "உங்கள் பள்ளியில் பிரச்சினை அதிகமாகிவிட்டதே" என்றார். பக்கங்கள் கூடியிருக்கின்றன என்று மட்டும் விடையளித்தோம்.

நம் கழகத்தின் நூலகத்தில் இவ்வட்டாரத்துக்கென ஓர் ஆவணப் பிரிவு தொடங்கச் செயற்குழு இசைந்துள்ளது. முதல் தகவல் அறிக்கைகளின் பழைய நகல்கள், சாவடி விசாரணையில் எழுதிய முறிகள், அபராதம் கட்டிய சீட்டுகள், 1995 முதல் 1999 வரை வெளிவந்த துண்டறிக்கைகள் ஆகியவற்றை வைத்திருப்போர் நகலெடுத்துக்கொள்ள அளித்து உதவவேண்டும். மூலம் உடையவரிடமே திருப்பித் தரப்படும். எழுத்தில் ஏதும் இல்லாத வீடுகளுக்கு, முதியோர் கூறுவதைக் கேட்டு எழுதிக்கொள்ளப் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த நம் மாலைநேர வகுப்பு மாணவர்கள் கோடை விடுமுறையில் வருவார்கள். அவர்கள் வரும்போது, கையில் உள்ள தழும்பு மாடு முட்டியதால் வந்தது என்று கூறவேண்டா எனப் பெரியோரைக் கேட்டுக்கொள்கிறோம்.